தங்கையின் விரல்களும் திறக்காத திரையும்

என் தங்கைக்கு உட்கார்ந்த இடத்தில் கை சும்மா இராது. பேருந்தில் முன் இருக்கையின் கம்பி, பல் மருத்துவர் வீட்டு மேசை விளிம்பு, காய்ச்சலில் குப்புறப் படுத்திருந்த என் முதுகு, எது கிடைத்தாலும் அதன்மேல் பத்து விரல்களும் ஓடும். தாளம் போடுகிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது தட்டச்சு. எதிரில் இருப்பவர் பேசப் பேச, அதை அவள் அடித்துக்கொண்டே போவாள். ஒருமுறை நான் அவளைக் கடிந்துகொண்டபோது, தலை குனிந்து நிற்கிறாளே, திருந்திவிட்டாள் போலும் என்று மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால், என் திட்டு முழுவதும் சாப்பாட்டு மேசைமேல் பிழையில்லாமல் பதிவாகிக்கொண்டிருந்தது.

நான் துறைமுக அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. இதில் எங்காவது மிகை தென்பட்டால் அது என் கைவரிசை அல்ல. நடந்ததே அப்படி.

அவள் தட்டச்சுப் படித்தது சைக்கிள் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒரு பயிற்சி நிலையத்தில். அங்கே ஆசிரியர் மாணவிகளின் கைகளுக்கு மேல் ஒரு மரப்பலகையைக் கவிழ்த்து வைப்பார். விசையையும் பார்க்கக் கூடாது, இயந்திரத்தில் ஏறும் தாளையும் பார்க்கக் கூடாது. பார்வை, படியெடுக்க வேண்டிய பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பார்த்து அடிப்பது அங்கே திருட்டுக்குச் சமம். அந்தப் பழக்கம் என் தங்கைக்கு எலும்பு வரை இறங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கும் அப்படியே. அந்தப் பக்கத்து இருக்கைக்காரிக்கு நிலையத்தில் வைத்த பெயர் மின்னல். கடைசிப் போட்டியில் மின்னல் என் தங்கையை ஓரெழுத்தில் வென்றாள். இருவரும் உயிர்த் தோழிகள். ஆனாலும் அந்த ஓரெழுத்தை மின்னல் அன்றிலிருந்து ஒரு பதக்கம் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிகிறாள்.

பிறகு என் தங்கை அரசு அலுவலகங்கள் இருக்கும் கட்டடத்தின் தாழ்வாரத்தில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுத்தாள். வருகிறவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், சத்தியம் செய்வார்கள். அவள் எங்கோ பார்த்தபடி அடித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று நிறுத்தி, "இதுவரைக்கும் சொன்னதுல பாதி பொய். இருக்கட்டுமா, எடுத்துடவா?" என்று கேட்பாள். பெரும்பாலோர் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், தட்டச்சு இயந்திர மெக்கானிக். நிலையத்து இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட வருவார். மற்ற இயந்திரங்கள் எல்லாம் அவர் வந்து போனபின் நன்றாக ஓடும். என் தங்கையின் இயந்திரம் மட்டும் அவர் வந்து போனபின் நின்றுவிடும். அதனால் மறுபடி வருவார். ஒருநாள் அவள் நேராகவே கேட்டாள்.

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்குங்க கழட்டுறீங்க?"

"இன்னும் நல்லா ஓட வைக்கலாமேன்னுதான்."

அந்த ஒரு வாக்கியம்தான் அவர் வாழ்க்கை. திருமணத்துக்குப் பிறகு அவர் கைபடாத பொருள் அந்த வீட்டில் இல்லை. மின்விசிறியைக் கழற்றினார், அது சுற்றுவதோடு நடக்கவும் ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தார். ஒரு வாரம் குடும்பமே எல்லா இடத்துக்கும் முன்னதாகப் போய் வாசலில் நின்றது. என் தங்கை அவருக்கு நோண்டி என்று பெயர் வைத்தாள். அது அவர் காதில் விழாமல் நாங்கள் சொல்லிக்கொள்வது. அவர் முகத்துக்கு நேராக அவள் சொல்வது என்னவென்று போகப்போகத் தெரியும்.

தாழ்வாரத்துக்குக் கணினி வந்தபோது அவளும் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்து, "ஒரு ரகசிய வார்த்தை அடிங்கம்மா. அது தெரிஞ்சாத்தான் உள்ள விடும்" என்றார். அவள் முதல் வேலையாக மாப்பிள்ளையைக் கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடி அடித்தாள். திரையில் வெறும் புள்ளிகள்தான் வரிசையாக வந்தன. அது மறுபடி எதையோ கேட்டது. கடைக்காரரோடு பேசிக்கொண்டே அதற்கும் எதையோ அடித்தாள். அவ்வளவுதான். அன்று முதல் காலையில் இயந்திரம் எழுந்ததும் ரகசிய வார்த்தை, உள்ளே போனதும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தித் தமிழுக்கு மாறுதல், பிறகு வேலை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பழைய தட்டச்சு மாணவர்கள் சங்கம் ஒன்று, அறுபது கடந்தவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சுப் போட்டி அறிவித்திருந்தது. அவரவர் வீட்டுக் கணினியில் இருந்தபடியே கலந்துகொள்ளலாம். காலை பத்து மணிக்குத் திரையில் ஒரு பகுதி வரும். பத்து நிமிடம் அடிக்க வேண்டும். பத்து மணிக்கு உள்ளே இல்லாதவர்களுக்குக் கதவு சாத்தப்படும். என் தங்கையும் மின்னலும் பெயர் கொடுத்திருந்தார்கள். பரிசு என்ன என்று இருவருமே கேட்கவில்லை. மின்னலை ஒரே ஒரு தடவை முந்த வேண்டும்; என் தங்கைக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அன்று நான் காலைச் சிற்றுண்டிக்குப் பின் அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். மின்னல் தொலைபேசியில் இருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் கூடம் முழுக்க அவள் குரல்.

"என்னடி, விரலுக்கெல்லாம் எண்ணெய் போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ போட்டியா?"

"எனக்கெதுக்குடி? நான்தான் ஏற்கெனவே ஓரெழுத்து முன்னாடி நிக்கிறேனே! திரையில பாதிய அட்டை வச்சு மறைச்சுட்டேன், தெரியுமா? நான் அடிக்கிறது என் கண்ணுலயே படாது. நம்ம வாத்தியார் பலகை மாதிரி."

"பெரிய வீராங்கனை! வை போனை."

என் தங்கை போனை வைத்துவிட்டு, கணினியின் பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பின் நடுவே வெள்ளை எழுத்தில் ஒற்றை வரி: துவக்குவதற்கு ஒன்றையும் காணவில்லை.

அவள் திரையைப் பார்க்கவில்லை. நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் சன்னல் வழியாக வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"மழை வராது போலிருக்கு."

"ஏங்க!"

நான் நடுவே புகுந்தேன். "மாப்ளே, நேத்து நல்லா இருந்தது, இன்னிக்கு இல்ல. நடுவுல என்ன மாத்தினீங்க? ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்க."

"மச்சான், நீங்க என்ன போலீஸ் மாதிரி கேக்குறீங்க?"

"போலீஸ் அடிக்கும். நான் கேக்கத்தானே செய்யுறேன்."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. முந்தைய நாள் அவள் தூங்கியபின் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தாராம். இயந்திரம் எழும்போது எதிலிருந்து எழ வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறதாம். அதை மாற்றினால் கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்துவிடுமாம். மாற்றினார்.

"இவ போட்டியில உக்காரும்போது சீக்கிரம் எழுந்திரிக்கட்டுமேன்னு..."

"சீக்கிரமா? எழுந்திரிக்கவே மாட்டேங்குதே!"

"பின்னால ஏதாவது சொருகியிருக்கா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை மேசைக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பின்பு, கையில் விரல்நுனி அளவு பென்டிரைவோடு வந்தார். போட்டி முடிந்ததும் அவளுக்குப் போட்டுக் காட்ட அதில் பாட்டுகள் ஏற்றி வைத்திருந்தாராம். புது வரிசைப்படி இயந்திரம் முதலில் அதைத்தான் எழுப்பப் பார்த்திருக்கிறது. பாட்டிலிருந்து ஒரு கணினி எப்படி எழும்? பென்டிரைவை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியதும், ஒரு குறையும் இல்லாததுபோல எழுந்து, ரகசிய வார்த்தை கேட்டது.

"வேற எதையும் மாத்தலையே?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான்" என்றார். சொல்லும்போது மீசை லேசாகத் துடித்தது. நான் அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் தங்கை உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். விரல்கள் ஒரே மூச்சில் ஓடின. தவறான ரகசிய வார்த்தை என்றது திரை. மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாம் முறை, வாழ்க்கையில் முதல்முறையாக விசைகளைப் பார்த்தே அடித்தாள். தவறு. இந்த முறை அதற்குக் கீழே குட்டியாக ஒரு வரியும் வந்தது. ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் எந்த மொழியிலும் சேராதவை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து, நடுநடுவே அரைப்புள்ளிகள் தெறித்துக் கிடந்தன.

"வைரஸ்!" என்றார் மாப்பிள்ளை.

"அந்த வார்த்தை என்னன்னு சொல்லு, நான் நிதானமா அடிச்சுப் பாக்குறேன்" என்று அவளிடம் கேட்டார்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீங்க உள்ள போயிடுவீங்க. அதுக்காகத்தானே வார்த்தையே வச்சேன்!"

"புருஷன்கிட்ட என்ன ரகசியம்?"

"இந்தப் புருஷன்கிட்ட இது ஒண்ணுதான் ரகசியம்."

"சரி, அண்ணன்கிட்டயாவது சொல்லு" என்றேன்.

"அண்ணே எழுதி வச்சுக்கும்."

அவள் சொன்னது உண்மைதான்.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய பதற்றம் விரல்களில் தெரிந்தது. நாற்காலிக் கையில் அவை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை அந்த வைரஸ் வரியை ஒரு துண்டுத் தாளில் எழுத்து எழுத்தாகப் படியெடுத்தார். எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை. அங்கே இணையத்தில் போட்டுத் தேடினால் என்ன நோய் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. மூவரும் தெருவைக் கடந்து ஓடினோம். என் தங்கையின் ஒரு காலில் அவளுடைய செருப்பு, மறுகாலில் மாப்பிள்ளையுடையது.

ஜெராக்ஸ் கடையை நடத்துகிற பெண்மணி நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல குரல். தெருவே அவரை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். உள்ளே நான்கைந்து பேர் அடையாள அட்டை நகலுக்குக் காத்திருந்தார்கள்.

"என்ன, குடும்பத்தோட வந்துட்டீங்க? போட்டி எங்க, என் கடையிலயா?"

"வைரஸ் அக்கா! இதைத் தேடிப் பாருங்க" என்று மாப்பிள்ளை தாளை நீட்டினார்.

ஜெராக்ஸ் அக்கா தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "எனக்குக் கண்ணாடி இல்லாம இந்தக் கிறுக்கல் ஆகாது. நீங்களே உக்காந்து அடிங்க."

என் தங்கை உட்கார்ந்தாள். தாளைப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். தாளில் மட்டும் பார்வை. ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டே போனாள். வரியின் பாதியில் கை நின்றது. அந்தரத்தில் பத்து விரல்களும் அப்படியே நின்றன.

"அண்ணே."

"என்ன?"

"என் கை இந்த வழியில போயிருக்கு."

"எந்த வழியில?"

"இதே வழி. இந்த விரலுக்கு அப்புறம் இந்த விரல். இது வைரஸ் இல்ல, அண்ணே. இது தமிழ்!"

கடையில் இருந்தவர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள். திரையில் அதே ஆங்கிலக் குப்பைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, இதுல தமிழுக்கு மாத்துங்க. பழைய தட்டச்சு மெஷின் வரிசை" என்றாள். ஜெராக்ஸ் அக்கா மாற்றினார். அவள் தாளைப் பார்க்காமலேயே, விட்ட இடத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து அடித்தாள். குப்பைக்குக் கீழே, அதே விசைகளில், அழகான தமிழ் எழுந்து வந்தது:

இவருக்குத் தினமும் சொல்வது.

என் தங்கையின் காதுமடல் சிவந்தது. ரகசிய வார்த்தை மறந்துபோனால் நினைவூட்ட ஒரு குறிப்பு கொடுங்கள் என்று அந்தக் காலத்தில் இயந்திரம் கேட்டிருக்கிறது. கடைக்காரரோடு பேசிக்கொண்டே அவள் அடித்தது இதைத்தான். திரையைப் பார்க்காமல் அடித்ததால், அது ஆங்கிலத்தில் நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் அக்கா மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். தெருவின் மறுபக்கம் இருந்துகொண்டு இத்தனை வருடமாக அந்த வீட்டுச் சத்தம் கேட்டவர் அல்லவா? நானும் திரும்பினேன். அடையாள அட்டைக்காரர்களில் இருவர் அதே தெருவாசிகள். ஒத்திகை பார்த்தவர்கள்போல எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்:

"நோண்டாதீங்க!"

சிரித்தோம் பாருங்கள், நகல் இயந்திரம்கூட நடுவில் ஒரு தாளை மென்று துப்பியது. ஒருவர் இருமி இருமித் தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தவர். முதலில் நிறுத்தியவரும் அவரே. திரையில் மேலே குப்பை, கீழே தமிழ் என்று நின்ற இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

"ஐயோ! நான் இன்னொண்ணும் மாத்தினேன்."

"மாப்ளே!"

"மச்சான், அது பரிசு! போட்டி முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். இவ தினமும் உள்ள போயி ரெண்டு விசை அழுத்தித் தமிழுக்கு மாத்துறாளே, அந்தத் தொல்லை எதுக்குன்னு, அந்த வார்த்தை கேக்குற திரையிலயே, எழும்போதே தமிழ்லதான் எழணும்னு வச்சுட்டேன்."

இப்போது எல்லாம் விளங்கியது. அவள் எப்போதும்போலச் சரியாகத்தான் அடித்தாள். அவளுடைய விரல்கள் தமிழில் சொன்னதை இயந்திரம் இத்தனை காலம் ஆங்கிலக் குப்பையாகக் கேட்டு, அந்தக் குப்பையைத்தான் ரகசிய வார்த்தை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தது. நேற்று முதல் அதற்குத் தமிழ் கேட்கிறது. சுத்தமான தமிழில் நோண்டாதீங்க என்றதும், இப்படி ஒரு வார்த்தையை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. வருவதெல்லாம் புள்ளிகளானதால் யாருக்கும் தெரியவில்லை.

"திரையோட மூலையில ஒரு சின்னக் குறி இருக்கும்" என்று மாப்பிள்ளை தொடங்குவதற்குள் அவள் தெருவில் இருந்தாள். இந்த முறை செருப்பே இல்லை. பின்னால் மாப்பிள்ளை, அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால், கடையை அப்படியே போட்டுவிட்டு, ஜெராக்ஸ் அக்கா. நகலுக்கு நின்றவர்களில் ஒருவரும் வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "முடிவு தெரியாம எப்படிங்க போறது?" என்றார்.

மூலையில் அந்தக் குறி இருந்தது. அவள் அதை ஆங்கிலத்துக்குத் தள்ளினாள். சுவரைப் பார்த்தாள். விரல்கள் ஓடின. கதவு திறந்தது.

கூடத்தில் எழுந்த ஆரவாரத்தில் மாடி வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவர் வழியே தலையை நீட்டி யாருக்குக் குழந்தை பிறந்தது என்று விசாரித்தார். போட்டிப் பக்கம் திறந்தபோது அடிக்க வேண்டிய பகுதி வர ஒரு நிமிடமும் இல்லை. அந்த நேரத்தில் அவள், தன் ஆசிரியர் பார்த்திருந்தால் மரப்பலகையாலேயே போட்டிருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள். குறி ஆங்கிலத்தில் நின்றது. தமிழுக்குத் தள்ளினாள்.

பிறகு பத்து நிமிடம் அந்த அறையில் விசைச் சத்தம் மட்டும். மாப்பிள்ளை தம் கைகளைத் தாமே பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். விரல்கள் மட்டும் தொடையில் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவுப் பட்டியல் வந்தது. என் தங்கை மூன்றாம் இடம். பட்டியலில் மின்னலைத் தேடினோம். மேலே இல்லை. நடுவில் இல்லை. கடைசியில், பூஜ்யத்துக்கு எதிரே இருந்தாள்.

தொலைபேசி மணி அடித்தது.

"அடியே, நான் பக்கம் பக்கமா அடிச்சேன்டி! முடிச்சுட்டு அட்டையை எடுத்தா, அத்தனையும் இங்கிலீஷ் எறும்பு ஊருது!"

என் தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. மறுமுனையில் மின்னலும் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் வார்த்தையே இல்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள்.

"சரி, நீ ஜெயிச்சுட்டே, போ" என்றாள் மின்னல் கடைசியில்.

"எப்படி ஜெயிப்பேன்? நீ அடிச்சது என்னன்னே தெரியாம? அந்தக் குப்பையை அப்படியே அனுப்பு."

மின்னல் அனுப்பினாள். என் தங்கை அதைத் திரையில் ஒருபுறம் வைத்து, எழுத்து எழுத்தாக, தமிழில் நின்று திரும்ப அடித்தாள். மின்னலின் பத்து நிமிடம் தமிழாக எழுந்து வந்தது. எண்ணும் வேலை எனக்கு. அவள் அடித்ததையும் இவள் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணினேன். அறையில் எல்லோரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் அக்கா பொறுக்கமாட்டாமல், "ஐயா, சாகுறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

"மின்னலைவிட என் தங்கை முன்னாடி" என்றேன்.

"எவ்வளவு?" என்றது தொலைபேசி.

"ஓரெழுத்து."

மின்னல் சொன்னாள்: "அண்ணே, நீங்க சரியாத்தான் எண்ணியிருப்பீங்க. அதுதான் கஷ்டமா இருக்கு."

அன்று மாலை பென்டிரைவுப் பாட்டு போட்டார்கள். நகலுக்கு வந்தவர் இன்னும் போகவில்லை, காபி குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கணினிக்குப் பக்கத்தில் போய் நின்று, இனி ரகசிய வார்த்தைதான் தெரியுமே என்று அதன் தலையைத் தடவினார். என் தங்கை அவரைக் கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினாள். கொல்லையில் கறிவேப்பிலை மரமே இருக்கிறது; இருந்தும் போனார். அவள் உட்கார்ந்து, மூலைக் குறியைப் பார்த்து, பிறகு சுவரைப் பார்த்து, புதிய வார்த்தை ஒன்றை அடித்தாள்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். விரல்கள் போன வழி எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை மட்டும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.